குடியுரிமை வந்தாச்சு, குளோபல் என்ட்ரியை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீன் கார்டு வைத்திருந்த காலத்தில், வெளிநாட்டிலிருந்து அமெரிக்கா திரும்பும்போது குடியேற்றச் சோதனையை விரைவாக முடிக்க உதவும் குளோபல் என்ட்ரி திட்டத்தில் சேர்ந்து, பிறகு அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்காக எழுதப்பட்டது இது. கனடா எல்லைக்கான நெக்சஸ், மெக்சிகோ எல்லைக்கான சென்ட்ரி ஆகிய இதே மாதிரித் திட்டங்களின் உறுப்பினர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு இதில் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று, இனிஷியலும் அப்பா பெயருமாக இருக்கும் நம் பெயர்கள். மற்றொன்று, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது. இரண்டையும் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

உறுதிமொழி எடுத்தவுடன் என் குளோபல் என்ட்ரி ரத்தாகிவிடுமா?

ஆகாது. ஐந்து வருட உறுப்பினர் காலம் அப்படியே தொடரும். கட்டிய கட்டணமும் வீணாகாது. ஆனால் உங்கள் கணக்கில் இன்னமும் இந்தியக் குடிமகன், நிரந்தரவாசி என்றுதான் இருக்கும். ஆவணங்களாகப் பழைய இந்தியப் பாஸ்போர்ட் எண்ணும் கிரீன் கார்டு எண்ணும்தான் இருக்கும். அந்தக் கிரீன் கார்டை உறுதிமொழி விழாவிலேயே வாங்கிக்கொண்டுவிடுவார்கள். அதாவது, கையில் இல்லாத ஒரு கார்டின் பேரில்தான் உங்கள் உறுப்பினர் பதிவு இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டியது உங்கள் பொறுப்பு.

குடியுரிமை கொடுத்ததே அரசாங்கம்தானே, அவர்களுக்குத் தெரியாதா?

குடியுரிமை வழங்குவது யுஎஸ்சிஐஎஸ். குளோபல் என்ட்ரியை நடத்துவது சுங்கம், எல்லைப் பாதுகாப்பைக் கவனிக்கும் சிபிபி. இரண்டும் ஒரே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருந்தாலும், ஒன்றில் நடந்த மாற்றம் மற்றதில் உங்கள் உறுப்பினர் கணக்கைத் தானாகத் திருத்துவதில்லை. 2024 ஏப்ரல் பதிப்பு என்-400 குடியுரிமை விண்ணப்பத்தில், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பச் சொல்ல ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்கள். குளோபல் என்ட்ரிக்கு அப்படி எதுவும் கிடையாது.

எதை முதலில் செய்ய வேண்டும்?

முதலில் அமெரிக்கப் பாஸ்போர்ட். அது கைக்கு வந்த பிறகே மற்ற எல்லாம்.

உறுதிமொழி விழாவில் குடியுரிமைச் சான்றிதழைக் கையில் கொடுத்ததும், இடத்தை விட்டு நகர்வதற்கு முன் பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஓர் எழுத்து விடாமல் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்து கவனித்தால், சான்றிதழைத் திருத்துவதற்கான என்-565 படிவம் போட்டுக் காத்திருக்க வேண்டிவரும்.

அடுத்து பாஸ்போர்ட் விண்ணப்பம். முதல் பாஸ்போர்ட் என்பதால் டிஎஸ்-11 படிவத்துடன் நேரில் போக வேண்டும். பல தபால் அலுவலகங்களிலும் நூலகங்களிலும் வாங்கிக்கொள்வார்கள். வளர்ந்தவர்களுக்கு 130 டாலர், அதோடு வாங்கிக்கொள்ளும் இடத்துக்கு 35 டாலர். சீக்கிரம் வேண்டுமென்றால் மேலும் 60 டாலர். அசல் சான்றிதழையும் அதன் நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சான்றிதழை நகலெடுக்கக் கூடாது என்று அதிலேயே எச்சரிக்கை இருப்பதைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். பாஸ்போர்ட்டுக்காக நகலெடுப்பதில் தவறில்லை, அந்த விண்ணப்பமே நகலைக் கேட்கிறது.

அசலை அனுப்பிவிட்ட பிறகு சில வாரங்களுக்கு உங்கள் கையில் கிரீன் கார்டும் இருக்காது, சான்றிதழும் இருக்காது. அந்த இடைவெளியில் வெளிநாட்டுப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கக் குடிமக்கள் நாட்டைவிட்டுப் போகவும் திரும்பி வரவும் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியப் பாஸ்போர்ட்டில் போய்வந்துவிடலாம் என்ற யோசனை இரண்டு நாடுகளிலும் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

பாஸ்போர்ட்டும் சான்றிதழும் தனித்தனி உறைகளில் வரும். சான்றிதழ் சில வாரம் பிந்தி வரலாம். பெயர் மாறவில்லை என்றால், பாஸ்போர்ட் வந்ததுமே குளோபல் என்ட்ரி வேலையைத் தொடங்கிவிடலாம். பெயரும் மாறியிருந்தால் சான்றிதழ் வரும்வரை பொறுங்கள். மாற்றத்துக்கு அதுவே சாட்சி.

இந்தத் திட்டங்களின் உறுப்பினர் கணக்குக்கான டிடிபி இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணை மாற்ற வசதி இருக்கிறதே, அதிலேயே முடித்துவிடலாமா?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் வருகிறது. அந்த வசதி, ஏற்கெனவே இருக்கும் அதே நாட்டுப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்களுக்கானது. பழைய அமெரிக்கப் பாஸ்போர்ட் முடிந்து புதிய அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்தால் லாகின்.கவ் என்ற அரசு உள்நுழைவுத் தளம் வழியாக உள்ளே போய் எண்ணையும் காலாவதித் தேதியையும் மாற்றினால் போதும். வீட்டு முகவரியையும் அப்படியே மாற்றலாம்.

குடியுரிமையோ, குடியேற்ற நிலையோ, சட்டப்படியான பெயரோ மாறினால் பதிவு மையத்துக்கு நேரில் போக வேண்டும். அங்கே ஓர் அதிகாரி அசல் ஆவணத்தைப் பார்த்துத்தான் திருத்துவார். இணையத்தில் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் கூடுதல் ஆவணமாகச் சேர்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்போது ஆவணம் அமெரிக்கப் பாஸ்போர்ட்டாகவும் நிலை நிரந்தரவாசியாகவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும்.

பதிவு மையத்தில் என்ன நடக்கும்? முன்பதிவு வேண்டுமா?

நியூவார்க், ஜேஎஃப்கே, சிகாகோ, டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா, சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற பெரிய விமான நிலையங்களில் மையங்கள் உள்ளன. விமான நிலையத்துக்கு வெளியே இயங்குபவையும் உண்டு. வாஷிங்டனில் ரொனால்ட் ரீகன் கட்டடத்தில் இருப்பது அந்த வகை. நீங்கள் முதலில் நேர்காணலுக்குப் போன மையத்துக்கேதான் போக வேண்டும் என்பதில்லை.

ஆவணத் திருத்தத்துக்குப் பல மையங்களில் முன்பதிவு கேட்பதில்லை. நேர்காணலுக்கு வந்தவர்களுக்கு நடுவே கூப்பிடுவார்கள். ஆனால் நடைமுறை மையத்துக்கு மையம் வேறு. சில மையங்கள் குறிப்பிட்ட கிழமைகளில், குறிப்பிட்ட மணி நேரத்தில் மட்டுமே திருத்த வேலையைச் செய்யும். நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டு, கதவு திறக்கும் நேரத்தில் போய் நிற்பது நல்லது.

கொண்டுபோக வேண்டியவை: அமெரிக்கப் பாஸ்போர்ட், கிடைத்திருந்தால் குடியுரிமைச் சான்றிதழின் அசல், பழைய குளோபல் என்ட்ரி கார்டு, தற்போதைய முகவரி உள்ள ஓட்டுநர் உரிமம். பெயர் நீதிமன்றத்தில் மாறியிருந்தால் அந்த ஆணை. போனில் எடுத்த படங்களை நம்பிப் போகாதீர்கள்.

கவுன்டரில் வேலை சில நிமிடங்கள்தான். “நிரந்தரவாசியாக இருந்தேன், குடியுரிமை பெற்றுவிட்டேன், நிலையையும் பாஸ்போர்ட்டையும் மாற்ற வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். “பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வந்தேன்” என்று சொன்னால், அதை ஆன்லைனில் செய்துகொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதிகாரி பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து நிலையை மாற்றுவார். புகைப்படமோ கைரேகையோ மறுபடி எடுக்கச் சொல்லலாம். கிளம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: குடியுரிமை அமெரிக்கா என்று மாறியதா, பழைய கிரீன் கார்டும் இந்தியப் பாஸ்போர்ட்டும் செயலில் இல்லாதபடி நீங்கியதா, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா. வீட்டுக்கு வந்ததும் டிடிபி கணக்கில் அந்த மூன்றையும் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

திருத்துவதற்காக உறுப்பினர் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை.

கையில் உள்ள பழைய கார்டு? புதிது வருமா?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். விமான நிலையத்தில் குளோபல் என்ட்ரி இயந்திரத்துக்கு அந்தக் கார்டு தேவையே இல்லை. அங்கே இயந்திரம் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதிவோடு பொருத்துகிறது. அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியது பாஸ்போர்ட்டை. கார்டுக்கு வேலை இருப்பது தரை எல்லையிலும் துறைமுகத்திலும்தான். கனடாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் அமெரிக்காவுக்குள் வரும்போது நெக்சஸ், சென்ட்ரி பாதைகளில் அதைப் பயன்படுத்தலாம். (அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் போகும்போது நெக்சஸ் பாதைக்கு அது செல்லாது.)

அமெரிக்கக் குடிமக்களுக்கு இந்தக் கார்டு தரை எல்லையில் அடையாளத்தோடு குடியுரிமையையும் காட்டும் ஆவணம். நிரந்தரவாசியாக இருந்தபோது கொடுத்த கார்டு அந்த வேலையைச் செய்யாது. ஆகவே அடிக்கடி காரில் எல்லை கடக்கிறவர்கள், திருத்தத்தின்போதே புதிய கார்டு கேளுங்கள். கட்டணம் உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். தொலைந்த கார்டுக்குப் பதில் வாங்க 25 டாலர்.

புதிய கார்டு தபாலில் வந்ததும் 30 நாளுக்குள் டிடிபி கணக்கில் நுழைந்து அதைச் செயல்படுத்த வேண்டும். உறையைப் பிரித்துப் பர்ஸில் வைத்துவிட்டு எல்லைக்குப் போனால் அது வெறும் பிளாஸ்டிக்தான். முகவரி மாறியிருந்தால் கார்டு கேட்பதற்கு முன்பே கணக்கில் மாற்றிவிடுங்கள்.

உள்நாட்டு விமானத்துக்கும், விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையைக் கவனிக்கும் டிஎஸ்ஏ இந்தக் கார்டை அடையாள அட்டையாக ஏற்கிறது. 2025 மே 7 முதல் ரியல் ஐடி (மத்திய அரசு விதித்த தரத்திலான அடையாள அட்டை) கட்டாயமான பிறகு, ரியல் ஐடி இல்லாத ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும்.

எதையும் மாற்றாமல் அப்படியே பயணம் போனால் என்ன ஆகும்?

நாட்டுக்குள் விடமாட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். கையில் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் உள்ளே வரலாம். கெடுவது அந்த வேகம்தான். விமான நிறுவனம் உங்கள் புதிய பாஸ்போர்ட் விவரத்தை முன்கூட்டியே சிபிபிக்கு அனுப்பியிருக்கும். உறுப்பினர் பதிவில் இருப்பதோ வேறு நாடு, வேறு எண். இயந்திரம் உங்களை அதிகாரியிடம் அனுப்பினால் விளக்கம் சொல்லிவிட்டு வரலாம், ஆனால் பதினைந்து மணி நேரம் பறந்து வந்த பிறகு அது தேவையில்லாத அலைச்சல். ஒருமுறை பிரச்சினை இல்லாமல் வந்துவிட்டால் அடுத்தமுறையும் வருவோம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலை மாற்றத்தைத் தெரிவிப்பது உறுப்பினரின் கடமை.

திருத்தத்துக்கு நேரம் கிடைப்பதற்குள் பயணம் வந்துவிட்டால், சிபிபியின் மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் செயலியைப் பயன்படுத்துங்கள். இலவசம், உறுப்பினர் ஆக வேண்டியதில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட்டைப் பதிந்து, தரை இறங்கியதும் விவரத்தை அனுப்பிவிட்டு அதற்கான வரிசையில் நிற்கலாம். பல பெரிய விமான நிலையங்களில் அந்த வரிசை சிறியதாகவே இருக்கும்.

என் பெயர் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் இருந்ததால் எல்லாவற்றிலும் எஃப்என்யு என்று வந்துவிட்டது. இப்போது சரிசெய்ய முடியுமா?

முடியும். இன்னும் உறுதிமொழி எடுக்கவில்லை என்றால், இதைவிட நல்ல தருணம் திரும்ப வராது.

எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, “செந்தில்குமார் முருகன்” முழுவதும் முதல் பெயர்க் கட்டத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அமெரிக்க விசாவில் அந்த முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயரில் எஃப்என்யு என்று விழும், ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம். அதுவே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, குளோபல் என்ட்ரி என்று பரவிவிடும்.

என்-400 விண்ணப்பத்திலேயே சட்டப்படி பெயரை மாற்றிக்கொள்ள விருப்பமா என்ற கேள்வி இருக்கிறது. அதில் ஆம் என்றால், நீதிமன்றம் நடத்தும் உறுதிமொழி விழாவில் பெயர் மாறும். குடியுரிமைச் சான்றிதழே புதிய பெயரில் வரும். யுஎஸ்சிஐஎஸ் தானே நடத்தும் விழாவில் அப்படி மாற்ற முடியாது. அதனால் பெயர் மாற்றம் கேட்டவர்கள் நீதிமன்ற விழாவுக்காகக் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். காத்திருப்பது வீண் இல்லை என்பது எங்கள் கருத்து. பிறகு மாநில நீதிமன்றத்தில் தனியாக மனுப்போட்டு, கட்டணம் கட்டி, குடியுரிமைச் சான்றிதழையும் மாற்றுவதைவிட இது எளிது.

எந்த வடிவில் வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைக்கிறவர்கள் உண்டு. மனைவி, பிள்ளைகளுக்கும் ஒரே கடைசிப் பெயர் வரும்படி வைக்கிறவர்களும் உண்டு. இனிஷியலை மட்டும் ஒற்றை எழுத்தாகக் கடைசிப் பெயரில் வைப்பதைத் தவிர்க்கலாம். விமான டிக்கெட் தளங்கள் பல, ஓர் எழுத்துக் கடைசிப் பெயரை ஏற்பதில்லை.

முடிவு செய்த பெயர் சான்றிதழ், பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி, ஓட்டுநர் உரிமம், குளோபல் என்ட்ரி ஆகிய ஐந்திலும் ஓர் எழுத்தும் மாறாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பதிவு மையத்துக்குப் போவதற்கு முன் குறைந்தது முதல் இரண்டும் முடிந்திருக்க வேண்டும்.

டிஎஸ்ஏ பிரீசெக் தொடர்ந்து கிடைக்குமா? கேடிஎன் எண் மாறுமா?

பிரீசெக் என்பது விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையை விரைவாக முடிக்கும் சலுகை. அதற்காக டிக்கெட்டில் கொடுக்கும் உங்கள் கேடிஎன் என்பது கார்டின் பின்பக்கம் இருக்கும் ஒன்பது இலக்கப் பாஸ்ஐடி எண்தான். குடியுரிமை மாறியதால் அது மாறுவதில்லை. உள்நாட்டுப் பயணத்தில் டிஎஸ்ஏ ஒப்பிடுவது பெயர், பிறந்த தேதி, பாலினம், கேடிஎன் ஆகியவற்றை. பாஸ்போர்ட் எண் அதில் வராது. எனவே பெயர் மாறாதவர்களுக்கு பிரீசெக் தடங்கலின்றி வரும்.

பெயர் மாறியவர்களுக்கு, டிக்கெட் புதிய பெயரிலும் உறுப்பினர் பதிவு பழைய பெயரிலும் இருந்தால் போர்டிங் பாஸில் பிரீசெக் குறி வராது. அதற்காகப் பழைய பெயரில் டிக்கெட் போடாதீர்கள். அடையாள அட்டையோடு டிக்கெட் பொருந்துவதுதான் முக்கியம்.

திருத்தம் முடிந்ததும் விமான நிறுவனங்களில் உள்ள உங்கள் கணக்குகள் ஒவ்வொன்றையும் திறந்து, பழைய இந்தியப் பாஸ்போர்ட்டையும் கிரீன் கார்டு எண்ணையும் நீக்கிவிட்டு நாட்டை அமெரிக்கா என்று மாற்றுங்கள். பழைய விவரம் தானாக டிக்கெட்டில் ஏறிவிட்டால், ஆன்லைன் செக்-இன் நடக்காமல் கவுன்டருக்குப் போகச் சொல்லும்.

உறுப்பினர் காலம் இன்னும் சில மாதங்களில் முடிகிறது. புதுப்பிக்கும்போது சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிலிருந்து புதுப்பிக்க விண்ணப்பிக்க முடியும். 2024 அக்டோபர் 1 முதல் கட்டணம் 120 டாலர். விண்ணப்பத்தில் புதிய குடியுரிமையையும் பாஸ்போர்ட்டையும் கொடுங்கள். நிலை மாறியிருப்பதால் நேர்காணலுக்கு அழைக்கலாம் என்று எதிர்பார்த்தே இருங்கள். உறுப்பினர் காலம் முடியும் தேதிக்கு முன் விண்ணப்பித்திருந்தால், விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை 24 மாதம் வரை சலுகை தொடரும். ஆனால் இடையில் வெளிநாட்டுப் பயணம் இருக்கிறதென்றால் புதுப்பித்தலுக்காகக் காத்திருக்காமல் நிலையை முதலில் மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும்போதே நேர்காணலை முடிக்கும் வசதி, நிபந்தனை அனுமதி (நேர்காணலுக்கு முந்தைய ஆரம்ப ஒப்புதல்) பெற்ற விண்ணப்பதாரர்களுக்கானது. வெறும் திருத்தத்துக்கு அதை நம்பாதீர்கள்.

விண்ணப்பத்தில் வேறு குடியுரிமை உண்டா என்று கேட்டால்? ஓசிஐ இருக்கிறதே?

ஓசிஐ என்பது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை, குடியுரிமை அல்ல. அதை வைத்து இரட்டைக் குடியுரிமை என்று எழுதாதீர்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நாளிலேயே இந்தியக் குடியுரிமை 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி முடிந்துவிட்டது. இலங்கையைச் சேர்ந்தவர்கள் நிலை வேறு. முறையாக விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற்றிருந்தால், இரண்டு நாடுகளையும் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு?

18 வயதுக்கு உட்பட்ட, கிரீன் கார்டு உள்ள பிள்ளை, குடியுரிமை பெற்ற பெற்றோரின் பொறுப்பில் அமெரிக்காவில் வசித்தால், பெற்றோர் உறுதிமொழி எடுத்த நாளிலேயே தானாகக் குடியுரிமை பெற்றுவிடும். பிள்ளைக்கு விழாவும் கிடையாது, தனிச் சான்றிதழும் தானாக வராது. அதனாலேயே பலர் பிள்ளையின் குளோபல் என்ட்ரியை மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் கணக்கு தனி, திருத்தமும் தனி, பிள்ளை நேரில் வர வேண்டும்.

அதற்கு முன் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுங்கள். பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் கிரீன் கார்டு, பெற்றோரின் குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டால் அம்மா, அப்பா இருவரும் வர வேண்டும். வர முடியாதவர் டிஎஸ்-3053 படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். தமிழ்நாட்டில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லாமல் இருந்தால், பெயர் சேர்த்த சான்றிதழை ஊரிலிருந்து முதலில் வாங்கிவிடுங்கள்.

நெக்சஸ் கார்டு வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது?

நெக்சஸை அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்துகின்றன. குடியுரிமை மாற்றத்துக்கு நெக்சஸ் பதிவு மையத்துக்கே போங்கள். டொராண்டோப் பக்கம் வாழ்ந்து, நிரந்தரவாசியாக நெக்சஸ் வாங்கி, பிறகு கனடியக் குடியுரிமை பெற்றவர்களும் இதேபோல் தெரிவிக்க வேண்டும். இங்கே கார்டு அன்றாடம் பயன்படுவதால் புதிய கார்டு வாங்குவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சென்னை விமான நிலையத்தின் விரைவு இமிக்ரேஷனில் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பதிந்திருந்தேன். அது செல்லுமா?

இந்தியாவின் விரைவு இமிக்ரேஷன் திட்டமான எஃப்டிஐ-டிடிபி 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னைக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இந்தியக் குடிமக்களுக்கும் ஓசிஐ அட்டை உள்ளவர்களுக்கும் மட்டுமே. பதிவு ஐந்து ஆண்டு அல்லது பாஸ்போர்ட் முடியும் நாள், எது முந்தியதோ அதுவரை செல்லும். நீங்கள் பதிந்தது இந்தியப் பாஸ்போர்ட்டில். குடியுரிமை மாறிய பிறகு அந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வதே குற்றம் என்பதால் அந்தப் பதிவைப் பயன்படுத்த முடியாது.

செய்ய வேண்டியது: இந்தியப் பாஸ்போர்ட்டை, இந்தியத் தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனம் வழியாக ஒப்படைத்து ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதை வைத்து ஓசிஐக்கு விண்ணப்பியுங்கள். ஓசிஐ வந்ததும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு எஃப்டிஐ-டிடிபியில் புதிதாகப் பதியுங்கள், கட்டணம் இல்லை. கைரேகையையும் முகப் படத்தையும் இந்தியாவில் வெளிநாட்டினர் பதிவைக் கவனிக்கும் எஃப்ஆர்ஆர்ஓ அலுவலகத்திலோ விமான நிலையத்தில் அதற்கென உள்ள கவுன்டரிலோ கொடுக்கலாம். ஓசிஐ வருவதற்குள் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் இ-விசாவில் போங்கள், அந்தப் பயணத்தில் சாதாரண வரிசைதான்.